வானொலியில் எது பழைய பாடல்?

இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் மிக எளியதாகத் தோன்றக்கூடியது. வானொலி நிலையங்கள் 'பழைய பாடல்கள்' என்று அறிவித்து நாள்தோறும் ஒலிபரப்புகின்றன. அந்தப் பெயருக்குள் எந்தப் பாடல் சேரும், எது சேராது, அதை முடிவு செய்வது யார் என்பதே கேள்வி. பழையது என்றால் பழையதுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று அவையோர் நினைக்கலாம். ஆராய நிறையவே இருக்கிறது.

தமிழ் வானொலியில் திரைப்பாடல்களை மூன்றாகப் பகுத்து வைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பழைய பாடல்கள், இடைக்காலப் பாடல்கள், புதிய பாடல்கள் என்பவை அந்த மூன்று. எழுதி வைத்த விதி எதையும் பார்க்காமலேயே, ஒரு பாடலின் முன்னிசை ஒலித்த இரண்டு நொடியில் அது எந்த வகை என்று நேயர் சொல்லிவிடுவார். இவ்வளவு உறுதியாகச் சொல்லப்படும் இந்தப் பகுப்பு ஆண்டுக் கணக்கைப் பின்பற்றுகிறதா? ஓர் எடுத்துக்காட்டே விடை சொல்லும். இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமான 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976இல். எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த கடைசிப் படமான 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 1978 பொங்கலுக்கு வந்தது. இரண்டில் மூத்தது 'அன்னக்கிளி'. ஆனால் வானொலியில் எம்.ஜி.ஆர். படப் பாடல் பழைய பாடலாகவும், அதற்கு முன்பே பிறந்த 'அன்னக்கிளி'யின் பாடல் இடைக்காலப் பாடலாகவுமே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. தம்பியை அண்ணன் என்று அழைக்கும் இந்த விந்தையை எந்த நேயரும் தவறென்று சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் நடிகரைக் கொண்டு எல்லை வகுக்கிறார்களா? அதுவும் இல்லை. சிவாஜி கணேசன் நடித்த 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' பாடல்கள் பழைய பாடல்கள். அதே சிவாஜி நடித்த 1985ஆம் ஆண்டின் 'முதல் மரியாதை' பாடல்கள் பழைய பாடல் நேரத்தின் வாசலைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நடிகர் ஒருவரே, இசையமைப்பாளர்தான் வேறு. ஆகவே தமிழ் வானொலியின் காதில் 'பழையது' என்பது 1976இல் எழுப்பப்பட்ட ஒரு சுவருக்கு அப்பால் இருப்பது. அந்தச் சுவரின் பெயர் இளையராஜா. அவர் கொண்டுவந்த கிராமத்து மெட்டும் மேற்கத்திய இசைக்கோப்பும் சேர்ந்த ஓசை, 1978இல் 'பிரியா' படத்தோடு வந்த ஸ்டீரியோ ஒலிப்பதிவு, அதாவது இரண்டு ஒலிபெருக்கிகளில் இருவேறு ஓசைகள் கேட்கும்படி பதிவு செய்யும் முறை, அடுத்து வீடுவீடாக நுழைந்த டேப் ரெக்கார்டரும் கேசட்டும் என எல்லாம் ஒரே காலத்தில் கூடிவந்ததால், அந்தச் சுவருக்கு முன்னும் பின்னும் தமிழ்ப் பாட்டின் ஓசையே வேறாகிவிட்டது. காது வரைந்த அந்தக் கோட்டை வானொலி அப்படியே ஏற்றுக்கொண்டது.

சுவர் எழுந்ததில் குற்றமில்லை. அது நகராமல் நிற்பதுதான் வியப்பு. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1976இல் 'அன்னக்கிளி'யின் பாடலை வாய்விட்டுப் பாடிய ஓர் இளைஞருக்கு, அன்று 32 வயதான 'ஹரிதாஸ்' பாடல்கள் தாத்தா காலத்துப் பாடல்கள். ஏ.ஆர். ரகுமானின் முதல் படமான 'ரோஜா' 1992இல் வந்தது. அதுவும் இன்று 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அன்றைய இளைஞரின் அளவுகோலைக் கையில் எடுத்தால், 'ரோஜா'வும் தாத்தா காலத்துப் பாட்டுதான். அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வருகிறது? தம் இளமையில் கேட்ட பாட்டைப் பழைய பாட்டு என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், தமக்கும் வயதாகிவிட்டதை அவர் ஒத்துக்கொண்டவர் ஆகிறாரே! சுவர் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

பிற நாடுகளில் இந்தச் சுவர் நகர்ந்திருக்கிறது, நகர்த்தியது விளம்பரம். அமெரிக்காவில் ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர், சில ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற பாடல்களைத் தொகுத்து 1959இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'ஓல்டீஸ்' என்ற சொல் பரவ அத்தொகுப்பு பெரிதும் துணையாயிற்று. அத்தொகுப்பில் இருந்தவை மிகச் சில ஆண்டுகளே பழகிய பாட்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை 1972 முதல் இத்தகைய பாடல்களுக்கே தன்னை ஒப்புக்கொடுத்த நிலையம். 2005 ஜூன் மாதத்தில் அது திடீரென அந்த வடிவத்தைக் கைவிட்டது. நேயர்களின் கொதிப்புக்குப் பின் 2007இல் திரும்பி வந்தபோது 'ஓல்டீஸ்' என்ற பெயரை ஓரங்கட்டிவிட்டு, பாடல்களின் காலத்தையும் முன்னே தள்ளிக்கொண்டது. காரணம் வெளிப்படை. பொருள் வாங்கும் வயதில் இருக்கும் நேயரையே விளம்பரதாரர் தேடுவார். நேயருக்கு வயது ஏற ஏற, அடுத்த தலைமுறையின் இளமைப் பாடல்களுக்கு நிலையம் மாறியாக வேண்டும். அங்கே எது பழைய பாடல் என்பதைக் கடைசியில் சோப்பும் பற்பசையும் முடிவு செய்தன எனலாம்.

தமிழ்நாட்டின் கதை அப்படிப்பட்டது அன்று. இங்கே அந்த வேலையைச் செய்தது ஓர் அமைச்சரின் கண்டிப்பும், கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு குரலும். இந்தப் பகுதியில் சற்று நின்று பார்ப்பது தகும்.

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் அகில இந்திய வானொலியின் கீழ்த் தொடங்கின. தென்கோடி மாவட்டங்களுக்கு அண்மையில் திருநெல்வேலி நிலையம் வந்தது 1963இல்தான். இதற்கிடையில் 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். குறைத்ததோடு நிற்கவில்லை. படத்தின் பெயரைச் சொல்வது அந்தப் படத்துக்கு விளம்பரம் ஆகிவிடும் என்று, பாடகர் பெயரை மட்டும் சொல்லும்படி ஏற்பாடாயிற்று. படத்தயாரிப்பாளர்கள் சினந்து ஒலிபரப்பும் உரிமையைத் திரும்பப் பெற்றனர். அரசு வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய வாயடைத்துப் போனது. 1957 அக்டோபர் 3இல் அரசு வானொலியின் பல்சுவை ஒலிபரப்பான விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகே நிலைமை சீரடைந்தது.

வாயடைத்த அந்த ஆண்டுகளில் ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளியும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரும் பாட்டுக் கேட்காமலா இருந்தார்கள்? இல்லை. அவர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள், கொழும்பு கிடைத்தது. கொழும்பில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பின்னர் ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனமாக மாறி, தமிழ்நாட்டார் வாயில் என்றைக்கும் 'இலங்கை வானொலி'யாகவே நிலைத்த அந்த நிலையம், மத்திய அலையில் பகலில் மங்கியும் இரவில் தெளிந்தும் தென்மாவட்டங்களில் ஒலித்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் பெயர்கள் இப்பகுதியில் திரைநடிகர் பெயருக்கு இணையாக வழங்கின. 'பொங்கும் பூம்புனல்' என்ற காலை நிகழ்ச்சியின் தொடக்க இசை அக்காலத்து நேயர்களுக்கு இன்றும் நினைவில் இருக்கும்.

இலங்கை வானொலியின் சிறப்பு, பாட்டைப் போட்டதில் மட்டும் இல்லை. பாட்டைச் சொன்ன விதத்தில் இருக்கிறது. படத்தின் பெயர், எழுதிய கவிஞர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒன்று விடாமல் அறிவிப்பாளர் சொல்வார். இந்தியாவில் எது விளம்பரம் என்று விலக்கப்பட்டதோ, அதுவே கொழும்பில் கல்வியாயிற்று. பள்ளிக்கூடம் போகாதவர்கூட 'பாடல் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி' என்று தடையின்றிச் சொன்னது அந்தக் கல்வியின் பயன். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதி, தம் பெயரும் ஊர்ப் பெயரும் காற்றில் வரும் நாளுக்காகக் காத்திருந்த வழக்கமும் அதைச் சேர்ந்ததே. இன்றைக்குப் 'பழைய பாடல்' என்ற சொல்லுக்கு அடியில் கிடக்கும் தொகுப்பு, அதாவது ஐம்பதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் நடுவரை வந்த பாடல்களில் எவை வாழ்ந்தன, எவை மறைந்தன என்ற தேர்வு, பெருமளவில் அந்தக் கொழும்பு இசைத்தட்டு அறையில் நடந்த தேர்வே ஆகும். திரைப்பாடலை ஒரு காலத்தில் வாசலில் நிறுத்திய அகில இந்திய வானொலி, இன்று பழைய திரைப்பாடலின் முதன்மையான புகலிடமாக இருப்பதைக் காலத்தின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி வேறொரு வினா. காலத்தால் பழையவை அனைத்தும் பழைய பாடல்கள் ஆகிவிடுகின்றனவா? ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணிலே நின்று இதைக் கேட்பது பொருத்தம். ஆண்டாளின் திருப்பாவை ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த பாட்டு. மார்கழி விடியலில் நாளுக்கு ஒரு பாசுரமாக வானொலியில் அது ஒலிக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளும் எம்.எல். வசந்தகுமாரியின் குரலும் தமிழர் காதில் அதை நிலைநிறுத்தின. அந்த ஒலிப்பதிவுகளும் பல பத்தாண்டுகள் மூத்தவை. ஆயினும் எந்த அறிவிப்பாளரும் திருப்பாவையைப் பழைய பாடல் நேரத்தில் சேர்த்ததில்லை. அம்மன் பாடல்களும் அப்படித்தான். ஆடி மாதம் பிறந்துவிட்டால் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஒலிக்காத தெரு இவ்வூர்களில் ஏது? அந்தப் பாடல்களின் வயதை யார் கேட்கிறார்கள்? பக்திப் பாடல் ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் திரும்பி வருவதால், அதற்கு வயதே ஏறுவதில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் வரும் வாரணமாயிரம் பதிகம் 2000ஆம் ஆண்டில் 'ஹே ராம்' படத்தில் இளையராஜா இசையில் இடம்பெற்றது. அதுவே அந்தப் படத்தின் பாட்டாக வந்தால் அதற்குப் படத்தின் வயது ஒட்டிக்கொள்கிறது. ஆக, சொல் பழையதா என்பதை வானொலி பார்ப்பதில்லை; எந்த ஒலிப்பதிவு, எந்தப் பொழுதுக்கு உரியது என்பதையே பார்க்கிறது.

ஒலிப்பதிவு என்றதும் இசைத்தட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டுகளே தொடக்க காலத்துத் தட்டுகள். அரக்கு கலந்த கலவையில் வார்க்கப்பட்டவை. கைதவறி விழுந்தால் ஓட்டாஞ்சில்லுதான். ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. நீண்ட பாட்டாக இருந்தால் பாதியில் நிறுத்தி, தட்டைப் புரட்டிப் போட்டு, முள்ளை மறுபடி விளிம்பில் வைக்க வேண்டும். எஃகு முள் சீக்கிரமே மழுங்கும். மழுங்கிய முள்ளோடு ஓட்டினால் தட்டின் பள்ளம் தேய்ந்து, அடுத்த முறை பாட்டுக்கு முன் இரைச்சல் வரும். தென்மாவட்டங்களில் மைக் செட் என்றும் ரேடியோ செட் என்றும் பெயர்பெற்ற கடைக்காரர்கள் இந்தத் தட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொண்டுபோய், மரக்கிளையில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். முதலில் சாமி பாட்டு, பிறகு படப்பாட்டு என்ற அவர்களது வரிசைக்கும் காலை வானொலியின் வரிசைக்கும் வேறுபாடு அதிகமில்லை.

இந்தத் தட்டுகளின் கதிதான் இவ்வுரை சுட்ட விரும்பும் மையக் குறைபாட்டுக்குக் கொண்டு செல்கிறது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். கே.பி. சுந்தராம்பாள், பி.யு. சின்னப்பா, பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன் என்று முதல் இருபது ஆண்டுகளில் உழைத்தோரின் வரிசை நீளமானது. இந்த இருபது ஆண்டுப் பாடல்கள் இன்றைய பழைய பாடல் நேரத்தில் எத்தனை முறை வருகின்றன? பாகவதரின் இரண்டொரு பாட்டு, சுந்தராம்பாளின் குரலில் பிற்காலத்து முருகன் பாட்டு என்பதோடு முடிந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் பழைய பாடல்களுக்குப் பழைய பாடல் நேரத்தில் இடமில்லை! மேல் எல்லை 1976இல் அசையாமல் நிற்க, கீழ் எல்லை மட்டும் ஓசைப்படாமல் மேலேறி ஐம்பதுகளின் நடுவுக்கு வந்துவிட்டது. கேட்டவர்கள் மறைந்தார்கள், தட்டுகள் உடைந்தன, எஞ்சியவற்றின் இரைச்சலை இன்றைய செவி பொறுப்பதில்லை. காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவையே. விளைவு பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று.

சட்டத்தின் கணக்கு இதைவிடத் தெளிவானது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் மேலுள்ள உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான இசைத்தட்டின் மேல் இருந்த உரிமை 2020ஆம் ஆண்டின் முடிவோடு தீர்ந்தது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை வேறு. அது அவர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் நிற்கும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இலேயே மறைந்தார். கண்ணதாசன் 1981இல் மறைந்தார். ஆகவே ஒரே ஆண்டில் இருவரும் எழுதிய பாட்டு வரிகளுள் ஒருவருடையவை இன்று பொதுச்சொத்து, மற்றவருடையவை 2041 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. சட்டம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக் கணக்கைக் கேட்கிறது. வானொலி கேட்பதில்லை.

பண்பலையின் வருகை இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வது. உயரத்திலிருந்து வந்தால் நெடுந்தொலைவு எட்டும். கோடைக்கானல் மலைமேலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் வரும் கோடை பண்பலை தென்மாவட்டங்களில் பெரும் நேயர் கூட்டத்தைப் பெற்றது அதனால்தான். பிறகு மதுரையிலும் திருநெல்வேலியிலும் தனியார் நிலையங்கள் வந்தன. அவற்றுள் பலவற்றுக்கு இரவு நேரத்து இளையராஜாவே பழைய பாடல்; அதற்கு முந்தியது தொல்லியல். அதுவும் போகட்டும் என்றால், மறு ஆக்கப் பாடல்கள் வேறு. 1964ஆம் ஆண்டின் 'படகோட்டி' பாட்டொன்று 2004இல் 'நியூ' படத்திலும், 1970ஆம் ஆண்டின் 'சொர்க்கம்' பாட்டொன்று 2007இல் 'அழகிய தமிழ் மகன்' படத்திலும் ஏ.ஆர். ரகுமான் கையால் புதுக்கோலம் பூண்டன. இந்தப் பாட்டுகளின் வயது என்ன? மூலப் படத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலிபரப்பினால், ஓர் இளைஞர் மூலப் பாட்டைப் பின்னாளில் கேட்டு, இது அந்தப் பாட்டின் நகல் என்று நினைக்கவும் கூடும்.

ஆகவே இந்த அவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்கள் சிறியவை. முதலாவது, அறிவிப்பாளர்களுக்கு உரியது. இலங்கை வானொலி சொன்ன நான்கு விவரங்களோடு ஐந்தாவதாகப் படம் வெளியான ஆண்டையும் சொல்ல வேண்டும். ஐந்து நொடிகூட ஆகாத வேலை இது. பழைய பாடல் என்ற பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், ஆண்டைச் சொன்னால் நேயரே எடைபோட்டுக்கொள்வார். இரண்டாவது, நிகழ்ச்சி வகுப்பவர்களுக்கு உரியது. வாரத்தில் அரைமணி நேரமாவது 1931 முதல் 1950 வரையிலான பாட்டுகளுக்கென்று ஒதுக்க வேண்டும். இரைச்சலோடு வந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, ராஜபாளையத்தாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூராருக்கும் உரியது. மைக் செட் வைத்திருந்த குடும்பங்கள் இவ்வூர்களில் உண்டு; பரணில் 78 சுற்றுத் தட்டுகளும், அந்நாளில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் இன்னும் கிடக்கக்கூடும். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அந்த மெல்லிய புத்தகங்களில், எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் அச்சில் இருக்கின்றன. எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முடிவு செய்யட்டும்.